மாதா பங்குக் கூப்பன்

சென்ற வைகாசியில், நம் வகுப்பில் கடைசி வாங்கில் இருந்தவனுடைய பேத்தியின் கலியாண வீட்டில், நாம் ஏழு பேர் ஒரு மேசையைச் சுற்றி இருந்தோம். எல்லோருக்கும் எழுபதை எட்டிப் பிடிக்கும் வயது. சீனி போடாத தேநீரைக் குடித்தபடி பேச்சு பெற்றோல் வரிசைக்குப் போனது. கைபேசியில் கறுப்பு வெள்ளைச் சதுரத்தைக் காட்டி, அளந்து ஊற்றிய பெற்றோலை வாங்கிக்கொண்டு வந்த அந்த நாட்களை ஆளுக்கு ஒரு கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அப்போது உங்களில் ஒருவன், யாரென்று நான் எழுதவில்லை, என் தொடையில் ஓங்கித் தட்டினான்.

“டேய், உன்ர மாமி மட்டும் உயிரோட இருந்திருந்தா, அந்தக் கியூஆரையும் கத்தரிக்கோலால வெட்டி வித்திருப்பா!”

மேசை குலுங்கச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்புத்தான் இதை எழுத வைக்கிறது. பதினொரு வயதில் நான் சொன்ன ஒரு சொல்லைத் திருப்பி எடுக்க வேண்டும். அந்தச் சொல்லால் என் மாமி நம் தெருவில் கள்ளி என்று பெயர் வாங்கினார். உயிரோடு இருந்தவரை அந்தப் பெயர் போகவில்லை. இறந்த பிறகும் கலியாண வீட்டு மேசை வரைக்கும் வந்து நிற்கிறது. முழுக் கதையும் தெரியும் என்று நினைத்துத்தான் சிரித்தீர்கள். உங்களுக்குத் தெரிந்தது பாதி.

கூட்டுறவுச் சங்கக்கடையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மண்ணெண்ணெயும் சாக்கும் மாசிக் கருவாடும் கலந்த அந்த மணம் இப்போதும் சில பழைய கட்டடங்களுக்குள் போனால் எனக்கு வருகிறது. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை கூப்பன் புத்தகம். பிறந்த குழந்தைக்கும் ஒன்று. உள்ளே தாள் நிறைய முத்திரை அளவில் சதுரங்கள், அரிசிக்கு வேறு, சீனிக்கு வேறு, ஒவ்வொன்றும் ஒரு கிழமைக்கு. சதுரத்தை வெட்டிக் கொடுத்தால் குறைந்த விலையில் சாமான் கிடைக்கும். அந்தக் கிழமை வெட்டாமல் விட்டால் அது செத்த தாள். மேலதிகமாக ஏதும் வேண்டுமென்றால் பஜார் கடைக்குப் போய், கடைக்காரன் சொன்ன விலையைக் கொடுக்க வேண்டும்.

நான் சொல்லப்போகும் சோளகக் காற்றுக் காலத்தில் எங்கும் தட்டுப்பாடு. காற்று மணலை அள்ளிக்கொண்டு வந்து சோற்றுக்குள்ளும் கண்ணுக்குள்ளும் போட்டது. சீனியில் மணல் இருந்தால் அது காற்று போட்டதா சங்கக்கடை மனேச்சர் போட்டதா என்று பெண்கள் வாதாடினார்கள். எண்ணெய்க்குள் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று கடுதாசித் துண்டைத் தோய்த்துக் கொளுத்திப் பார்த்தார்கள். எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்ட காலம் அது.

“மனேச்சர், உங்கட பெருவிரலுக்கும் கூப்பன் இருக்கோ? தராசில ஏறி இருக்குது!”

“விரலையும் சேர்த்துத்தான் தாறன் அக்கா, சுத்திக் கொண்டு போங்கோ.”

வரிசை சிரிக்கும். ஆனால் எல்லாக் கண்ணும் அந்த விரலிலேயே இருக்கும்.

நம் தெருவின் பதினொரு வீடுகளும் ஒருவரை மட்டும் நம்பின. அவர் என் மாமி, அப்பாவின் அக்கா. கலியாணம் செய்யாதவர். எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்து, கோயில் திரைச்சீலைகளும் சுவாமியாரின் பூசை உடுப்புகளும் தைத்துக்கொண்டிருந்தார். நூல் வெட்டும் அந்தச் சின்னக் கத்தரிக்கோலால்தான் தெருவின் கூப்பன்களையும் வெட்டினார்.

அவருடைய பெட்டியை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். சுருட்டு வந்த மரப்பெட்டி. உள்ளே சப்பாத்துப் பெட்டி மட்டையால் அறை அறையாகத் தடுத்திருந்தார். தெருவில் பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது, ஆகவே வீட்டுக்கு ஒரு அர்ச்சிஷ்டவரின் படத்தை அறை முகப்பில் ஒட்டியிருந்தார். மூலை வீட்டுக்கு அந்தோனியார். ஒன்பது பிள்ளைகள் இருந்த வீட்டுக்குச் செபஸ்தியார். மாடி வீட்டுக்குச் சூசையப்பர். “அந்தோனியாருக்கு இந்தக் கிழமை சீனி காணாது” என்று மாமி தனக்குள் சொல்லிக்கொண்டு வெட்டுவதைக் கேட்க வேடிக்கையாக இருக்கும்.

மாடி வீட்டுக்காரருக்கு நம் தீவுக்கு வெளியே பெருநிலப்பரப்பில் வயல் இருந்தது. அவர்களுக்குச் சொந்த அரிசி, ஆனால் நாள் முழுக்கத் தேநீர். ஒன்பது பிள்ளை வீட்டில் வெறுந்தேநீர் குடிப்பார்கள், அரிசிதான் ஒருபோதும் போதாது. மாமி சூசையப்பரின் அரிசிச் சதுரங்களைச் செபஸ்தியாருக்கும், செபஸ்தியாரின் சீனிச் சதுரங்களைச் சூசையப்பருக்கும் மாற்றுவார். இப்படிப் பதினொரு வீட்டுக்கும் இடையில் கொடுக்கல் வாங்கல் நடக்கும். செவ்வாய்க்கிழமை வெட்டி, வீடு வீடாகக் குண்டூசியால் குத்தி, புதன்கிழமை கடைக்குக் கொண்டு போவார். புத்தகத்திலிருந்து மனேச்சர்தான் வெட்ட வேண்டும் என்பது சட்டம். மாமியின் கட்டுகளில் ஒருநாளும் பிழை இல்லாததால் அவர் அரைநாள் வேலை மிச்சம் என்று விட்டுவிட்டார். பஜார் கடையின் படியை மிதிக்காமல் நம் தெரு அந்தத் தட்டுப்பாட்டைக் கடந்துகொண்டிருந்தது.

பெட்டியில் பன்னிரண்டாவதாக ஒரு அறை இருந்தது. அதில் மடு மாதாவின் படம். ஆவணிப் பெருநாளுக்கு நம் தெரு லொறி பிடித்து மடுக் கோயிலுக்குப் போய், யாத்திரை வந்தவர்களுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றுவது நேர்த்தி. அதற்காகத் தபசு காலம் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு வீடும் கிழமைக்கு ஒரு அரிசிச் சதுரம் விட்டுக்கொடுக்கும். அதற்குப் பெயர் மாதா பங்கு. அந்த அரிசியை மாமி வாங்கி வந்து தன் அறையில் இருந்த மரப் பீப்பாவில் போட்டு, மேலே வேப்பிலை தூவி மூடி வைப்பார்.

அம்மாவுக்கு இதில் எதுவும் பிடிக்கவில்லை. பன்னிரண்டு வருடமாக, சாவிக்கொத்து இன்னொருத்தியின் இடுப்பில் இருந்த வீட்டில் அவர் வாழ்ந்தார் என்பது இன்று எனக்கு விளங்குகிறது. அன்று விளங்கவில்லை.

“மச்சாளின்ர கத்தரிக்கோல் ஆற்ற பக்கம் வெட்டுதோ, மாதாவுக்குத்தான் தெரியும்.”

“சும்மா இரு,” என்பார் அப்பா. “அக்கா இல்லாட்டி நீ இப்ப காதில கிடக்கிறதைக் கழட்டிக்கொண்டு பஜாருக்குப் போயிருப்பாய்.”

அப்பா தொழிலுக்குப் போனதும் அம்மா என்னைப் பார்ப்பார். “நீ படிக்கிற பிள்ளை. உனக்குக் கணக்குத் தெரியும். ஒருக்கா கண்ணை வைச்சுக்கொள்.”

நான் கண் வைத்தேன். எனக்கு அது பெருமையாக இருந்தது. மாமி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து அறைக்குள் புகுந்து, பீப்பாவின் உட்புறத்தில் அரிசி நின்ற மட்டத்தில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டேன். வேப்பிலையின் கசந்த மணமும் கூப்பன் அரிசியின் பூஞ்சண மணமும் கையில் ஒட்டிக்கொண்டன. அடுத்த கிழமை போய்ப் பார்த்தேன். பதினொரு சதுரத்தின் அரிசி கூடியிருக்க வேண்டும். கோடு அரிசியின் மேல் விளிம்பிலேயே நின்றது. அதற்கடுத்த கிழமையும் அப்படித்தான். மூன்றாவது கிழமை அரிசி கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது.

அம்மாவிடம் சொன்னேன். அவர் முகத்தில் வந்தது கோபம் அல்ல, ஒருவகை ஆறுதல். அன்று பின்னேரம் தாராபுரத்திலிருந்து சைக்கிளில் பாண் ரொட்டி கொண்டு வருகிற முஸ்லிம் அண்ணனை வாசலில் மறித்தார்.

“காக்கா, மச்சாள் உங்களிட்ட அரிசி ஏதும் விக்கிறவவோ?”

“எனக்கு அரிசி எதுக்குத் தங்கச்சி, நான் பாண்காரன். உங்கட மச்சாள் என்னட்ட நேத்தையப் பாண் மிஞ்சிக் கிடக்கோ எண்டுதான் கேக்கிறவ.”

“நேத்தையப் பாணோ? எங்கட வீட்டில ஆர் அதைத் தின்னுறது?”

“அது எனக்குத் தெரியாது. கேட்டா குடுப்பன். காஞ்ச பாணுக்கு என்ன விலை.”

இப்போது நினைத்தால், அந்த மனிதர் உண்மையை எங்கள் கையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். காய்ந்த பாணைக் கேட்டு வாங்குகிறவர் யாருக்கோ பசி என்றுதான் வாங்குவார். நாங்களோ அதையும் களவுக் கணக்கில் சேர்த்தோம்.

ஒரு வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மாமி உமலைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருமுனையைத் தாண்டிக்கொண்டிருந்தார். பனையோலை உமல், கீழ்ப்பக்கம் பாரத்தால் தொங்கியது. நான் புத்தகங்களை வேலியோரம் வைத்துவிட்டுப் பின்னால் போனேன். கீரிக் கடற்கரைக்குப் போகும் பாதை. காற்று எதிரே அடித்தது. கழுதைகள் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. பனைகளுக்குப் பின்னால் ஒளித்து ஒளித்து நடந்தேன். ஓரிடத்தில் மாமி குந்தி இருந்து செருப்பில் இருந்த மணலைத் தட்டினார். நெடுநேரம் தட்டினார். திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து மறுபடி நடந்தார்.

கடற்கரையில் யாரும் பாவிக்காத ஒரு வாடி இருந்தது, பாதிக் கூரை போன மீன் கொட்டில். அதன் வாசலில் ஒரு மனிதன் எழுந்து நின்றான். அந்த வெக்கையில் கம்பளிச் சட்டை போட்டிருந்தான், முழங்கைப் பக்கம் பிய்ந்தது. பக்கத்தில் கயிற்றால் கட்டிய தகரப் பெட்டி. அதில் வெள்ளை மையால் ஒரு இலக்கம். இரண்டு சின்னப் பெண்பிள்ளைகள் பெட்டியின் மேல் இருந்தார்கள். சின்னவளுக்கு நாலு வயது இருக்கலாம்.

அவர்கள் யாரென்று எனக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. உங்களுக்கும் நினைவிருக்கும். மலையகத் தோட்டங்களிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் றெயிலில் நம் ஊரைக் கடந்து தலைமன்னாருக்குக் கப்பலேறப் போவார்கள். நாம் தண்டவாளத்தோரம் நின்று கை காட்டுவோம். அவர்களில் சிலர் காட்டுவார்கள், சிலர் பார்த்தபடியே போவார்கள். அவர்களைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு இருந்தது. கப்பலில் காசு கொண்டுபோக விடமாட்டார்கள், ஆகவே கையில் இருப்பதை இங்கேயே கொட்டிவிட்டுப் போவார்கள், எந்தச் சாமானையும் எந்த விலைக்கும் வாங்குவார்கள் என்று. நம் ஊரில் அது எல்லோருக்கும் தெரிந்த உண்மை. யாரும் கண்டதில்லை.

மாமி உமலைக் கொடுத்தார். அந்த மனிதன் இரண்டு கையாலும் வாங்கி, குனிந்து, உள்ளே போய் அரிசியைக் கொட்டிக்கொண்டு வந்து வெறும் உமலைத் திருப்பிக் கொடுத்தான். “இருங்கக்கா, தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்று அவன் சொன்னது காற்றோடு வந்தது. மாமி சின்னவளின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். பிறகு திரும்பினார். நான் அவருக்கு முன்பாக வேறு பாதையால் ஓடிவிட்டேன்.

கண்டது அவ்வளவுதான். காசு கைமாறவில்லை. அந்த மனிதனின் கை மடிக்குப் போகவே இல்லை. நான் இருபது பாகம், நூற்றிருபது அடி தூரத்தில் இருந்தேன், என் கண் நல்ல கண்.

அம்மா முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

“கப்பல் ஆக்களம்மா. கீரிப் பக்கம். மாமி அரிசி குடுத்தவ.”

கத்தி நின்றது. “குடுத்தவவோ, வித்தவவோ? காசு வாங்கினவவோ?”

நான் பின்னாளில் ஒரு பாடசாலையின் அதிபரானேன். களவு, சண்டை என்று எத்தனையோ விசாரணைகள் செய்திருக்கிறேன். சாட்சி சொல்லும் பிள்ளையிடம் விடையைக் கேள்விக்குள் வைத்து ஒருபோதும் கேட்டதில்லை. ஏன் என்று ஆசிரியர்களுக்குச் சொன்னதில்லை. அம்மா அன்று அப்படிக் கேட்டபோது எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. இல்லை என்றால், மூன்று கிழமை கோடு போட்டுக் காவல் காத்தது ஒன்றுமில்லாமல் போகும். அம்மாவின் முகம் வாடும். நான் கெட்டிக்காரனாக இருக்க விரும்பினேன்.

“ஓம்,” என்றேன்.

“சில்லறையோ?”

“இல்லை. தாள்.”

அந்தத் தாளை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தேன்.

அம்மா சொல்லிக் கதை வீடு வீடாகப் போய், ஞாயிறு பூசை முடிந்து கோயில் முற்றத்து வேம்பின் கீழ் தெரு கூடியது. கோயில் மூப்பர்தான் நம் வழக்குகளை விசாரிப்பவர். என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்.

“தம்பி, கோயில் வாசலில நிக்கிறாய். கண்ணால கண்டனியோ?”

“ஓம்.”

“காசு வாங்கினதை?”

“ஓம்.”

மாமி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். தைக்கும்போது ஊசிக்குள் நூல் போகிறதா என்று பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார்.

அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “அக்கா, இல்லை எண்டு ஒரு சொல் சொல்லுங்கோ. மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்.”

கூட்டத்துக்குப் பின்னால் விதானையார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அரசாங்கத்துக்கு ஊர்ச் செய்தி சொல்கிறவர் அவர்தான். மாமியின் கண் அவரிடம் ஒருதரம் போய் வந்தது.

“வித்தனான்,” என்றார் மாமி.

மூப்பர் மாமியின் பக்கம் திரும்பினார்.

“ஆருக்கு, பிள்ளை?”

“கப்பலுக்கு வந்த ஆக்களுக்கு. அவை போயிட்டினம். முந்தநாள் கப்பலேறிட்டினம்.”

“மாதாவின்ர கஞ்சியில கை வைக்க உனக்கு மனம் வந்துதோ?” என்று ஒரு கிழவி கத்தினார். விதானையார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். விற்றவர் ஒத்துக்கொண்டு, வாங்கியவரும் கப்பலேறிவிட்ட பிறகு அவருக்கு அங்கே வேலை இருக்கவில்லை. அப்பா யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார்.

எனக்கு என்ன நடந்தது தெரியுமா? முதலில் பயந்தேன், பிறகு மகிழ்ந்தேன். நான் இட்டுக்கட்டியது உண்மையாகிவிட்டது. நான் காணாத ஒரு நாளில் காசு வாங்கியிருக்கிறார், நான் கண்டுபிடித்துவிட்டேன். நாற்பது வருடம் அதைத்தான் நம்பினேன். அடுத்த சனி பாவசங்கீர்த்தனத்தில், ஒருதரம் பொய் சொன்னேன் சுவாமி, ஆனால் அது உண்மையாக இருந்தது என்று சொன்னேன். சுவாமியார் மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார்.

அன்று பின்னேரமே மற்றப் பத்து வீட்டுக்காரரும் வந்து தங்கள் புத்தகங்களை வாங்கிக்கொண்டு போனார்கள். சிலர் அங்கேயே எண்ணிப் பார்த்தார்கள். மனேச்சர் இனி வெட்டிய சதுரம் எடுக்கமாட்டேன் என்றார். சூசையப்பரும் செபஸ்தியாரும் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டு மாற்றுவதை நிறுத்தினார்கள். மாடி வீட்டில் அரிசிச் சதுரங்கள் கிழமை கிழமையாகச் செத்தன. ஒன்பது பிள்ளை வீட்டுக்காரி பஜார் கடையில் கடன் சொல்லி நின்றார். எங்கள் வீட்டிலும் அம்மாவின் தோடு ஐப்பசிக்கு முன்னால் போய்விட்டது. அப்போதும் அம்மா மாமியைத்தான் திட்டினார்.

“கூப்பன் கள்ளி” என்று நாம் பாடியது உங்களுக்கு நினைவிருக்கும். மாமி தண்ணீர் அள்ளப் போகும்போது கிணற்றடி வரை பின்னால் பாடிக்கொண்டு போனோம். உங்களோடு நானும் பாடினேன்.

அந்த நாட்களில் மாமி மெலிந்தார். சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். “செய்த வேலை தொண்டைக்குள்ள நிக்குது. சோறு இறங்குமோ?” என்பார் அம்மா. நாங்கள் அதையும் நம்பினோம். ஆவணியில் லொறி மாமி இல்லாமல் மடுவுக்குப் போனது. கஞ்சி தண்ணீராக இருந்தது.

பிறகு நடந்தவை உங்கள் எல்லோருக்கும் நடந்தவைதான். படிப்பு, உத்தியோகம், யுத்தம், ஓட்டம், திரும்பி வருதல். அப்பாவும் அம்மாவும் போன பிறகு மாமி என் வீட்டில் இருந்தார். ஒரு நாள் நான் பட்டினத்துப் பெரிய கடையில் சாமான் வாங்கிக்கொண்டு வந்தேன். அங்கே ஒரு அட்டை தந்திருந்தார்கள், வாங்க வாங்கப் புள்ளி சேரும், புள்ளிக்கு விலை குறைப்பார்கள். விறாந்தைக் கதிரையில் இருந்த மாமி அதை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

“வெட்டத் தேவையில்லையோ?”

“தேவையில்லை மாமி. மெசின் வாசிக்கும்.”

“அப்ப ஆரும் ஆருக்கும் மாத்திக் குடுக்கேலாது என்ன.” அட்டையைத் திருப்பித் தந்தார். பிறகு, வெயில் எப்படி என்று கேட்கிற குரலில் கேட்டார். “கீரி வாடியில இருந்த பிள்ளையள் நினைவிருக்கோ உனக்கு?”

நான் சாமான் பையை நிலத்தில் வைத்தேன்.

“நீ பின்னால வாறாய் எண்டு எனக்குத் தெரியும். செருப்பைத் தட்டிக்கொண்டு இருந்தனான், வந்து சேரட்டும் எண்டு. வந்து உமலின்ர மற்றப் பக்கத்தைப் பிடிப்பாய் எண்டு நினைச்சன். பாரமா இருந்தது.”

ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்த மனிதனின் மனைவிக்கு றெயிலில் கடும் காய்ச்சல் கண்டிருக்கிறது. மன்னார் ஆசுபத்திரியில் இறக்கியிருக்கிறார்கள். மாமி யாரையோ பார்க்கப் போன இடத்தில் அந்தப் பெண் பக்கத்துக் கட்டிலில் இருந்து, என் பிள்ளைங்க சாப்பிட்டுச்சுகளா பாருங்கக்கா என்று கையைப் பிடித்திருக்கிறாள். அவர்களுடைய கப்பல் நாள் தவறிவிட்டது. கூப்பன் புத்தகங்களைத் தோட்டத்திலேயே ஒப்படைத்துவிட்டு வந்தவர்கள்.

“புத்தகம் இல்லாதவனுக்கு ஆர் அரிசி குடுப்பான்? அரசாங்கக் கந்தோருக்குத் தெரிஞ்சா அவனையும் பிள்ளையளையும் அடுத்த கப்பல்ல ஏத்திப்போடுவினம். அவள் இஞ்ச தனியக் கிடப்பாள். எழும்பி நடக்கிற மட்டும் ஒளிச்சு வைக்கவேணும். மாதா பங்கு ஊரில்லாத ஆக்களுக்குத்தானே. மடுவில ஊத்தினா என்ன, கீரியில ஊத்தினா என்ன எண்டு நினைச்சன். தெருவைக் கேக்காமச் செய்தது பிழைதான்.”

“மாமி, காசு…”

“எந்தக் காசு? அவனிட்ட இருந்தது அந்தக் கம்பளிச் சட்டைதான்.”

“அப்ப ஏன் வித்தனான் எண்டனீங்கள்?”

“நீதானே வழி காட்டினனீ. வித்தது எண்டா கதை முடிஞ்சுது. சும்மா குடுத்தது எண்டா, ஆர், எங்க, எத்தினை பேர் எண்டு கேப்பினம். விதானையார் அங்க நிண்டவர். அந்த நேரத்துக்கு நீ சொன்ன பொய் உதவிச்சுது.”

“பிறகு அவையள் என்ன சாப்பிட்டவை?”

“என்ர கோப்பையில விழுந்தது. அதையும் காஞ்ச பாணையும் கொண்டுபோனன். அது காணுமோ மூண்டு பேருக்கு?” விரல் மடித்து எண்ணினார். “கடைசியில தாய் எழும்பி வந்திட்டாள். கப்பலேறினது தாய், தகப்பன், மூத்தவள்.”

“சின்னவள்?”

“அவளுக்கும் காய்ச்சல். சோறு இருந்திருந்தா தாங்கியிருக்குமோ எண்டு கேக்காத. நானும் கேக்கிறேல்ல.”

எனக்கு அப்போது ஐம்பது வயது கடந்திருந்தது. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்லும் மனிதன். கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன்.

“மாமி, நான் காசு காணேல்ல. பொய் சொன்னனான்.”

“தெரியும்.”

“ஏன் ஒருநாளும் என்னட்டக் கேக்கேல்ல?”

“நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்தன். நாப்பது வருசம் எடுத்திட்டாய்.” அவர் சிரித்தது போல இருந்தது. “என்னட்டச் சொல்லி என்ன? எனக்குத் தெரிஞ்ச கதை. தெரியாத ஆக்களிட்டப் போய்ச் சொல்லு.”

நான் சொல்லவில்லை. அடுத்த பெருநாளுக்குச் சொல்வோம், ஓய்வு பெற்ற பிறகு சொல்வோம் என்று தள்ளினேன். அதிபரின் பெயர் கெடுமே என்று பயந்தேன். மாமி இறந்தபோது நம் தெருவிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். “என்ன இருந்தாலும் வயதுபோன மனிசி” என்று ஒருவர் என் கையைப் பிடித்துச் சொன்னார். அந்த “என்ன இருந்தாலும்” என்னவென்று எனக்குத் தெரியும். அப்போதும் வாய் திறக்கவில்லை. பிறகு அந்தக் கலியாண மேசை வந்தது.

இதை ஆறு பிரதி எடுத்து உங்கள் ஆறு பேருக்கும் அனுப்புகிறேன். மனைவிமாருக்கும் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள். அவர்களுக்கும் அந்தப் பெயரைச் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள். ஆனால் கடுதாசியில் எழுதி அனுப்பிவிட்டு வீட்டுக்குள் இருந்தால் நான் மறுபடி தப்பியவன் ஆவேன். வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் நிற்பேன். சுவாமியாரிடம் கேட்டுவிட்டேன், ஐந்து நிமிடம் தருகிறேன் என்றார். அவ்வளவு தேவைப்படாது. வந்து நில்லுங்கள். அன்று வாயால் சொன்னேன், வாயால்தான் திருப்பி எடுக்க வேண்டும்.